பெயரில்லாப் படைவீரர்

போர்க்கதை சொல்லும் சித்திரநூல் ஒன்றைச் சிறுவன் விரிக்கும்போது, அவன் கண் முதலிற் செல்வது கதைத்தலைவனிடத்தேயாம். அத்தலைவனுக்குப் பின்னே ஒரே தொப்பியும் ஒரே துவக்கும் ஒரே முகமுமாய் நிற்கும் பத்துப் பன்னிரண்டு பேரை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கட்குப் பெயரில்லை, பேச்சுமில்லை. குண்டு வெடித்தால் விழுவர். அடுத்த பக்கத்தில் அதே முகத்தோடு எழுந்து நிற்பர். சதுரங்கத்திற் காலாளுக்குரிய நிலையே இது. எனினும், காலாள் எதிர்க்கரையை அடைந்தால் இராணியாதலுமுண்டு. இவர்கட்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதற்குக் காரணம் வன்மம் அன்று, சிக்கனமே. அசையும் சித்திரத்தில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. முகத்துக்கு முகம் வேற்றுமை காட்டின், ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி வரைதல் வேண்டும். ஒருவன் வாய் திறந்தாற் குரல் கொடுப்பவருக்கு ஊதியம் அளித்தல் வேண்டும். ஆகவே ஒருவனை வரைந்து நூறாக்கினர். பொம்மைத் தொழிலிலும் இதுவே கதை. இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் 1893இல் ஈயப் பொம்மையை உட்கூடாக வார்க்கும் முறையைக் கையாண்டபின் படைவீரன் மலிந்தான். பிளாஸ்ரிக் வந்தபின் ஒரு பட்டாளமே ஒரு பைக்குள் அடங்கிவிட்டது.

அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் 1964இல் வெளியிட்ட 'ஜீ.ஐ. ஜோ' என்னும் பொம்மை, 1982இற் சிற்றுருவம் பெற்று மீண்டும் வந்தது. இம்முறை ஒவ்வொரு வீரனுடைய அட்டையின் பின்புறத்திலும் அவன் பெயர், பிறந்த ஊர், கற்ற தொழில் ஆகியன அச்சிடப்பட்டன. பலவற்றை எழுதியவர் லாரி ஹாமா என்னும் சித்திரக்கதை ஆசிரியர். எதிர்ப்படையின் காலாளுக்கோ, பெயர் இருக்கவேண்டிய இடத்திற் 'பகைவன்' என்ற சொல்லே இருந்தது, முகமும் மறைக்கப்பட்டிருந்தது. வணிகர் இதில் விவேகிகளே. தலைவன் ஒருவன் இருந்தாற் போதும். பகைவரோ பத்துப்பேராயினும் வேண்டும். ஒரே பொம்மையைப் பத்து முறை விற்பதற்குப் பெயரின்மை பெரிதும் உதவியது.

அப்பொம்மைகளையொட்டி எழுந்த தொலைக்காட்சித் தொடரில், நாயகருக்குப் பின்னே பச்சைச் சீருடையோர் திரள் திரளாய் ஓடினர். ஆகாயவிமானம் தீப்பற்றினால் அதை ஓட்டியவன் தவறாது பரசூட்டில் இறங்கினான். சிறுவர் நிகழ்ச்சியில் மரணம் காட்டலாகாது என்பது ஒளிபரப்பாளரின் கட்டுப்பாடு. நல்ல கட்டுப்பாடுதான். ஆயினும் அதன் விளைவு விசித்திரமானது: பெயரில்லாத வீரன் இறப்பதுமில்லை, போர் முடிந்து வீடு திரும்புவதுமில்லை. அவனுக்கு வீடென்று ஒன்றை எவரும் வரையவில்லை. 1987இல் அந்நிறுவனமே ஒரு புதுவழி கண்டது. சிறுவன் தன் பெயரைத் தபாலில் அனுப்பினால், அப்பெயரைத் தாங்கிய குறிப்போடு ஒரு வீரன் அவன் வீடு தேடி வந்தான்.

வன்னிநாட்டிலோ பெயரில்லாப் படைவீரர் பொம்மைக்கும் தொலைக்காட்சிக்கும் முற்பட்டவர். 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி, கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல் நட்டனர். வென்றவன் பெயர் அதில் உண்டு. தோற்றவன் பெயரும் உண்டு. இருபக்கமும் நின்று பொருதவர் ஒருவர் பெயரேனும் அதில் இல்லை.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் உருத்திரபுரம் இதனை நன்கறிந்த ஊர். 1996இல் ஒருமுறையும் 2008ஆம் ஆண்டின் இறுதியில் மறுமுறையும் அவ்வூரார் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். அண்டையிலுள்ள கனகபுரம் துயிலும் இல்லத்தில், கல்லுக்குக் கல் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. போர் முடிந்தபின் அக்கற்கள் தகர்க்கப்பட்டன. 2016 முதல் பெற்றோர் மீண்டும் அந்நிலத்திற் கூடி விளக்கேற்றி வருகின்றனர். தெற்கே, பாராளுமன்றத்துக்கு அருகே பத்தரமுல்லையிலுள்ள நினைவகத்தில், மடிந்த அரசபடையினரின் பெயர்கள் வரிசை வரிசையாய் வெட்டப்பட்டுள்ளன. தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு அது எழுத்து நிறைந்த சுவர். கிட்டச் சென்று விரலால் தடவும் தாய்க்கு அது ஒரேயொரு வரி.

இத்தகைய நாட்டில் வளரும் சிறுவர், படைவீரனைச் சித்திரநூலில் மாத்திரம் காண்பதில்லை, கூத்திலும் காண்கின்றனர். கூத்து ஏட்டிலும் சேவகனுக்குப் பெயரில்லைதான். அரசன் கொலுவீற்றிருக்க அவன் ஈட்டி பிடித்து ஓரத்தில் நிற்பான். இரண்டடி பாடுவான், அல்லது அதுவும் பாடான். புதிதாய் ஆட வருபவனுக்கே பெரும்பாலும் அண்ணாவியார் அவ்வேடத்தைக் கொடுப்பார். ஆயினும் களரியைச் சுற்றியிருக்கும் ஊரவர்க்கு அவன் யாரோ ஒரு சேவகன் அல்லன். எந்த வாய்க்கால் வீட்டுப் பிள்ளை, யாருடைய பேரன், சென்ற கிழமை எந்த வயலில் வரம்பு கட்டியவன் என்பதெல்லாம் அவர்கட்குத் தெரியும். அவன் தாளந் தப்பினால் அரசனையும் மறந்து சபை சிரிக்கும். யுத்தத்தில் அவன் விழும்போது, முன்வரிசையில் அவன் தம்பி எழுந்து நின்று பார்ப்பான். விடியலில் மத்தளம் ஓய்ந்தபின், வீட்டுத் திண்ணையில் அவனை இருத்தி, தேங்காயெண்ணெய் தொட்டு அவன் முகத்து அரிதாரத்தைத் தாய் துடைத்துவிடுவாள்.