நாளுக்குப் பத்து முடிச்சு
(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நம் கைவேலை எப்படிப் பிழைக்கும் என்பதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மகப்பேறு விடுப்பு முடிந்து இந்த ஆண்டு பணிக்குத் திரும்பியவர்கள் இந்த அறையிலேயே மூன்று பேர் இருக்கிறோம்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கான மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் ஓராண்டு என்று உயர்ந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் "ஒரு வருஷம் வீட்லதானே இருந்தீங்க, நிறைய கூடை போட்டிருப்பீங்களே" என்று கேட்டவர்களும் உண்டு. குழந்தை தூங்கும் நேரம் பத்து நிமிடமா, இரண்டு மணி நேரமா என்பது அது விழித்த பிறகுதான் தெரியும். மீண்டும் பள்ளிக்கு வந்தபின் அந்தத் துண்டு நேரமும் மாலைக்கு மேல்தான்.

அதனால் ஒரு கைவேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, பாதியில் போட்டுவிட்டு எழுந்தால் அது என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். எனக்குத் தையல் தெரியும். இயந்திரத்தை மிதித்தால் குழந்தை எழுந்துவிடும். குரோஷே பிடிக்கும், ஊசியை உருவிவிட்டு எழுந்தால், தொங்கும் நூலை யாராவது இழுத்ததும் போட்ட வரிசை அவிழ்ந்துவிடும். வயர் கூடை அப்படியில்லை. ஒவ்வொரு முடிச்சும் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். முடிச்சு போட்ட கையோடு எழுந்து ஓடலாம். மூன்று நாள் கழித்து வந்து உட்கார்ந்தாலும் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். சத்தமும் இல்லை.

என் கூடையின் கணக்கைச் சொல்கிறேன். அடிப்பாகம் நீளவாக்கில் 12 முடிச்சு, அகலவாக்கில் 8. ஆக 96. அடிப்பாகம் முடிந்ததும் நான்கு பக்கமும் மேலே ஏறும் வயர் 40. எனவே ஒரு சுற்றுக்கு 40 முடிச்சு. பதினான்கு சுற்று உயரம் என்றால் 560. மொத்தம் 656 முடிச்சு. திருமணத்துக்கு முன் கோடை விடுமுறையில் நாலைந்து நாளில் முடிப்பேன். இப்போது நாளுக்குப் பத்து முடிச்சு. நான்கு இரவு சேர்ந்தால் ஒரு சுற்று. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மணிக்கணக்கில் அளந்தால் அழுகைதான் வரும். முடிச்சுக் கணக்கில் அளந்தால், பத்து விழுந்த நாள் நல்ல நாள்.

அந்தப் பத்து முடிச்சும் தானாக விழவில்லை. இரவு ஏழரை மணிக்கு என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். இருபது நிமிடம். அழுதாலும் அவரேதான் சமாளிக்க வேண்டும். அத்தை முதலில், "புள்ள அழுவுது, இப்ப கூடைதான் முக்கியமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பையன் அப்பா தோளில் அடங்கிவிடுவதை ஒரு வாரம் பார்த்தார், பிறகு கேட்கவில்லை. இப்போது, "அந்தப் பச்சை வயரையும் சேர்த்துப் போடு" என்று யோசனை சொல்கிறார்.

இதை என் கணவர் செய்யும் 'உதவி' என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. அது அவருடைய குழந்தை. இங்கே இருக்கும் ஆசிரியர்களில், குழந்தை பிறந்ததால் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நின்றுபோனவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரே ஒரு கை. சாருக்கு இரட்டைக் குழந்தை, தெரியும்!

கணவர் வெளியூரில் வேலை பார்க்க, தனியாகக் குழந்தையை வளர்ப்பவர்களும் நம்மில் உண்டு. பக்கத்து வீட்டுத் தோழியோடு முறை வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாத மாதங்களில் தூங்குங்கள். கூடை எங்கும் போகாது. இன்னொன்று, கைவேலை மருந்தல்ல. பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்தைத் தாண்டி நீடித்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெட்டிய வயர்த் துண்டு, மணி, ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் மூடியுள்ள டப்பாவுக்குள், அந்த டப்பா பரண் மேல். தவழும் குழந்தைக்குத் தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகும் பண்டம். எழும்போது தரையை ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பேன்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. கையில் எதைப் பார்த்தாலும், "இதை வகுப்பில் கற்றல் உபகரணமாக்கலாமே" என்பார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்புக்குப் பொம்மையும் அட்டையும் செய்து செய்து நம் கை பழகிவிட்டது. என் கூடையில் பரப்பளவும் சுற்றளவும் இருப்பது எனக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் பயன்படலாம். ஆனால் இரவு ஏழரை முதல் ஏழு ஐம்பது வரை நான் டீச்சரும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த இருபது நிமிடத்திலிருந்து யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. அதனால்தான் அதை இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றுகிறேன்.

விடுப்பிலிருந்து திரும்பிய மற்ற இருவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, பீரோவில் பாதியில் கிடக்கும் ஏதாவது ஒரு வேலையை எடுத்து வாருங்கள். மதிய உணவு முடிந்ததும் கால் மணி நேரம் சேர்ந்து உட்காரலாம். என் கூடை இப்போது ஒன்பதாவது சுற்றில் இருக்கிறது. அதையும் கொண்டு வருகிறேன்.