புற்றுநோயும் நேர்த்திக்கடனும்

(ஒரு கிராம வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புராணமல்ல. உங்கள் ஒவ்வொருவருடைய தோலுக்குள்ளும் இரவு பகலாய் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு படையைப் பற்றியே பேசப் போகிறோம். நாம் வைத்தியரல்ல, பெரிய படிப்புப் படித்தவருமல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே சொல்லுகின்றோம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இதைப் பேச வேண்டிய அவசியம் என்னவென்றால், நமக்குத் தெரிந்த ஓர் அம்மையாருக்கு மார்பில் நெல்லிக்காயளவு கட்டி ஒன்று கண்டது. வலி இல்லை. வீட்டார் பூசாரியைக் கேட்டார்கள். குலதெய்வக் குற்றம் என்றார். கிடா வெட்டினார்கள், தாயத்துக் கட்டினார்கள், மூன்று கோவிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். எட்டு மாதம் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நோய் எலும்புவரை பரவிவிட்டது. அவர் மாண்டதும் பூசாரி, ‘விதி முடிந்தது’ என்று சொல்லித் தட்சணையும் வாங்கிக்கொண்டு போனார். தோழர்களே, அந்த அம்மையாரைக் கொன்றது நோய் மாத்திரமா? அந்த எட்டு மாதமுமல்லவா?

நம் பாட்டன்மார் காலத்தில் பெரியம்மை வந்தால், ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றினோம். ஆத்தாவோ ஊரையே வாரிக்கொண்டு போனாள். இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் வைத்தியர், மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற பேச்சைக் கேட்டுச் சோதித்துப் பார்த்தார். 1796-ல் எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு மாட்டம்மைப் பாலைக் குத்தினார். அந்த வழியே உலகமெங்கும் அம்மை குத்தப்பட்டது. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகிலேயே இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. மாரியம்மன் கோவில்கள் அப்படியே இருக்கின்றன. பெரியம்மை எங்கே போயிற்று? ஆத்தா கோபம் தணிந்து போனாளா, அல்லது ஊசிக்குப் பயந்து போனாளா என்று பக்தர்கள்தான் சொல்லவேண்டும்.

அந்த ஊசி செய்த வேலை என்ன? நமது இரத்தத்தில் வெள்ளணுக்கள் என்னும் காவலாளிகள் உண்டு. சில, கிருமியை விழுங்கும். சில, அதைப் பிடித்து முடக்கும் பொருளைச் செய்து விடும். சில, வந்த பகைவன் முகத்தை மறக்காமல் வைத்திருக்கும். எளிய பகைவனைக் காட்டிக் கொடிய பகைவனுக்குப் படையைப் பழக்குவதே அம்மை குத்துதல்.

ஒரு பிராணியின் படை செய்த ஆயுதத்தை மற்றொருவருக்குக் கொடுக்கவும் முடியும். இதை பெரிங், கிடசாட்டோ என்னும் இருவர் 1890-ல் கண்டுபிடித்தார்கள். பாம்பு கடித்தவனுக்குப் போடும் மருந்து இவ்விதமானதே. விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவோரில் முக்கியமானவர்கள், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் நம் இருளர் மக்களாவார்கள். சாதி மிஞ்சியவனைப் பாம்பு கடித்தால், இருளன் பிடித்த பாம்பின் விஷத்தால் குதிரை இரத்தத்தில் விளைந்த மருந்து அவன் நரம்பில் ஏறுகிறது. அப்பொழுது தீட்டு எங்கே போகிறது என்று கேட்கின்றோம்.

நிற்க. புற்றுநோய் வெளியிலிருந்து வரும் கிருமியல்ல. நம் அணுவே கெட்டு, கட்டுக்கடங்காமல் பெருகுவது. வீட்டுக்குள்ளிருக்கும் துரோகியைக் காவலாளி அடையாளம் காண்பது கஷ்டமல்லவா? நியூயார்க்கில் கோலி என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் 1891 முதல் நோயாளிகளுக்குக் கிருமிகளைக் குத்தி, படையைத் தட்டியெழுப்பப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குப் பலிக்கவில்லை. காரணம் விளங்காததால் உலகம் அதைக் கைவிட்டது. ஆனால், குழந்தை பிறந்ததும் காசநோய் வராதிருக்கக் கையில் குத்தி வடு விழச் செய்கிறார்களே, அதே மருந்தை மூத்திரப்பையின் மேற்புறப் புற்றுநோய்க்கு உள்ளே செலுத்தினால், படை திரண்டு நோயைத் தாக்குகிறதென்று 1976-ல் கானடாவில் மொராலஸ் என்பவர் வெளியிட்டார். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

பிறகு அமெரிக்காவில் ஆலிசனும், ஜப்பானில் ஹோஞ்சோவும் ஓர் உண்மையைக் கண்டார்கள். படை மிஞ்சிப்போய்ச் சொந்த உடம்பையே தாக்காதபடி அதற்குக் கடிவாளம் உண்டு. புற்றுநோய் அந்தக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. அதை விடுவிக்கும் முதல் மருந்து 2011-ல் வந்தது. இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் 90 வயதில் தோல் புற்றுநோய் மூளைவரை பரவியிருந்தது. அவர் சர்ச்சில் வேதம் போதித்த பெரிய பக்தர். ஆனாலும் ஜெபமே போதுமென்று உட்கார்ந்திருந்தாரா? அறுவையும், கதிர் வைத்தியமும், இந்த மருந்தும் செய்துகொண்டார். 100 வயது கண்டு 2024-ல் காலமானார். பக்தர்களே, அவரைப் பார்த்தாவது புத்தி வரவேண்டாமா?

உண்மையை மறைக்க மாட்டோம். இம்மருந்து எல்லாருக்கும் பலிப்பதில்லை. கடிவாளம் விட்டபின் படை, குடலையும் நுரையீரலையும் தாக்குவதுமுண்டு. பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொல்லுவதுதான் விஞ்ஞானம். பலிக்காவிட்டால் உன் பக்தி போதாதென்பது புரோகிதம்.

இன்னொரு மோசடியும் புறப்பட்டிருக்கிறது. ‘எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்’ என்று லேகியமும் பொடியும் விற்கிறார்கள். படை பெருகினால் நல்லது என்பது சரியா? புல்லின் மகரந்தத்தைப் பகைவனென்று நினைத்துப் படை கிளம்புவதால்தான் சிலருக்குத் தும்மலும் இளைப்பும் வருகின்றன. அந்த மகரந்தத்தையே மிகச் சிறிதாய்த் தொடங்கி ஏற்றி ஏற்றிக் குத்திப் படையைப் பழக்கலாமென்று 1911-ல் லண்டனில் நூன் என்பவர் காட்டினார். முடக்குவாதத்தில் படை மூட்டுகளையே கடிக்கிறது. படைக்குச் சங்கூதும் ஒரு பொருளைத் தடுத்தால் வீக்கம் தணிகிறதென்று 1990-களில் அதே லண்டனில் ஃபெல்ட்மனும், பஞ்சாபில் பிறந்த மைனியும் கண்டார்கள். ஒருவனுக்குப் படையைத் தூண்டவேண்டும், ஒருவனுக்கு அடக்கவேண்டும், ஒருவனுக்குப் பழக்கவேண்டும். எல்லாருக்கும் ஒரே டப்பாவா? காவி கட்டி விற்றாலும் கோட்டுப் போட்டு விற்றாலும் தாயத்து தாயத்துதான்.

கடைசியாக ஒன்று. 2023-ல் பம்பாயில் உருவான ஒரு சிகிச்சைக்கு இந்திய சர்க்கார் அனுமதி தந்தது. நோயாளியின் வெள்ளணுவையே வெளியே எடுத்து, சிலவகை இரத்தப் புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்பவும் உடம்பில் ஏற்றுகிறார்கள். வெளிநாட்டு விலையில் அது சிறு பங்குதான். ஆயினும் பல இலட்சம். ஏழைக்கு நேர்த்திக்கடன், பணக்காரனுக்கு மருந்து என்றிருந்தால் அது மனுதர்மம்தானே? கோவில் நுழைவு கேட்ட நாம், இந்தக் கதவையும் திறக்கும்படி சர்க்காரைக் கேட்கவேண்டும்.

ஆகவே தோழர்களே, கட்டி கண்டால், ஆறாத புண் கண்டால், அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமியைத் தடுக்கும் ஊசி, 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போடத்தக்கது. மஞ்சள் நீராட்டுக்குச் சேர்க்கும் பணத்தில் முதலில் அதைப் போடுங்கள். தாய்மார்களே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உங்களுக்குள் ஒரு படை இருக்கிறது; அதற்கு வேண்டியது உண்டியல் காசு அல்ல, காலத்தில் செய்யும் வைத்தியம் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம்.