கதவு கூறும் செய்தி



நம் ஊர்ப் பழங்கோயில்களின் பெரிய கதவுகளிலே வரிசை வரிசையாகச் சிறு மணிகள் தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எவ்வளவு மெல்லத் திறந்தாலும் அவை கலகலவென்று ஒலித்துவிடும். அவற்றை அமைத்ததற்குப் பெரியோர் பல காரணங்கள் கூறுவர். நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். ஆதலின் என் கண்ணுக்கு வேறொன்றும் புலப்படுகிறது. கதவின் அசைவு ஒலியாக மாறி, கதவருகே இல்லாதவர் செவிக்கும் எட்டிவிடுகிறதன்றோ? இன்று வீடுகளில் பொருத்தப்படும் கம்பியில்லாக் கதவுணரியும் அதே தொழிலைத்தான் செய்கிறது. கடைகளில் 'டோர் சென்சார்' என்று கேட்டால் தருவார்கள். தீப்பெட்டியினும் சற்றே சிறிய பெட்டி ஒன்று. சுண்டுவிரல் அளவில் ஒரு காந்தத் துண்டு. பெட்டியைக் கதவு நிலையிலும் காந்தத்தைக் கதவிலும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. சன்னலுக்கும் இதுவே முறை.

பெட்டிக்குள் இருப்பது என்ன? பெரும்பாலானவற்றில் 'ரீட் சுவிட்ச்' என்னும் சிறு கண்ணாடிக் குழல் இருக்கும். 'ரீட்' என்பது நாணற்புல்லைக் குறிக்கும் சொல். இரண்டு நெல்மணிகளை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்த அளவே உள்ள அக்குழலுக்குள், நிக்கலும் இரும்பும் கலந்த இரண்டு மெல்லிய தகடுகள் நாணற்றாள்கள் போல எதிரெதிரே நீண்டு, முனைகள் மயிரிழை இடைவெளியில் நிற்கும். காந்தம் அருகில் வந்தால் இரண்டு தகடுகளும் தாமே காந்தமாகும். எதிர்நிற்கும் முனைகளில் ஒன்று வடமுனையாகவும் மற்றது தென்முனையாகவும் ஆவதால் ஒன்றையொன்று இழுத்துத் தொட்டுக்கொள்ளும். காந்தம் விலகினால் தகடுகள் தம் மீள்தன்மையாற் பிரிந்து பழைய நிலைக்கு வரும். அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்ட்டர் எல்வுட் என்பவர் 1936-ஆம் ஆண்டு கண்டறிந்த கருவி இது. குழல் முற்றும் மூடப்பட்டிருப்பதால் தூசும் ஈரமும் உட்புக மாட்டா.

தகடுகள் பிரிந்தவுடனே பெட்டியில் உள்ள சில்லு விழித்துக்கொண்டு, 'திறந்தது' என்னும் ஒரு சொல்லை வானொலி அலையில் ஏற்றி அனுப்புகிறது. நான் இப்போது பேசுவதும் ஒரு வானொலி நிலையத்திலிருந்துதான். அப்பெட்டியும் ஒரு வானொலி நிலையமே. வேறுபாடு என்னவெனின், நாங்கள் நாள் முழுதும் பேசுகிறோம். அது நாளெல்லாம் உறங்கிவிட்டு, கண்ணிமைக்கும் பொழுதினும் குறைவாகவே பேசுகிறது. இந்த அடக்கம் அதற்கு ஏன் வேண்டும் என்பதை ஒரு கணக்காற் காட்டுகிறேன். கையில் எழுதுகோல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய உணரிகள் பலவற்றில் இடும் நாணய வடிவ மின்கலத்தின் மேல் சி.ஆர். 2032 என்று பொறித்திருக்கும். அவ்வெண்ணுக்குப் பொருள் உண்டு. 20 என்பது குறுக்களவு, மில்லிமீட்டரில். 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர். அதன் அழுத்தம் 3 வோல்ட். கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி. உணரி ஓயாமல் 10 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பதாகக் கொள்வோம். 220-ஐ 10-ஆல் வகுத்தால் 22 மணி நேரம். இன்று மாலை இட்ட மின்கலம் நாளை மாலைக்குள் தீர்ந்துவிடும். சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுத்தால்? 22,000 மணி நேரம். அதாவது இரண்டரை ஆண்டு. ஒரே மின்கலம், ஒரே பெட்டி. உறக்கம் ஒன்றே வேறுபாடு.

அது அனுப்பும் சொல்லைக் கேட்க வீட்டுக்குள் 'ஹப்' எனப்படும் நடுப்பெட்டி ஒன்று வேண்டும். சில வகைகள் நேரே வைஃபை பெட்டியோடு பேசும். இவ்வுரையாடலுக்கான மொழிகள் சில உண்டு. ஜிக்பீ என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுவது. தேனீக்கள் ஆடும் ஆட்டத்தை நினைந்து இட்ட பெயர் அது. இசட்-வேவ் என்பது நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸ் அளவிலும் அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ் அளவிலும் பேசுவது. ஆகவே அங்கிருந்து உறவினர் அன்போடு வாங்கிவரும் இசட்-வேவ் கருவி, இங்கே வாங்கிய ஹப்பினிடம் பேசினால் அது செவிடாகவே இருக்கும். வாங்குமுன் பார்த்துக்கொள்க.

இனி நான் சிறப்பாகச் சொல்ல விரும்பும் பொருளுக்கு வருகிறேன். உணரி பேசினால் செய்தி. பேசாவிட்டால் அதற்கு என்ன பொருள்?

இவ்வினா இன்று தோன்றியதன்று. 1853-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த சாமர்வில் ஊரினரான அகஸ்டஸ் ரசல் போப் என்பவர், மின்சாரத்தால் இயங்கும் களவறிவிப்பு மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். 1857-இல் எட்வின் ஹோம்ஸ் அவ்வுரிமையை வாங்கி, ஈராண்டுகளுக்குப் பின் நியூயார்க் நகரில் அதனை ஒரு தொழிலாகவே வளர்த்தார். ஆனால் திறந்தால் இணையும் சுற்றில் ஒரு குறை உண்டு. கள்வன் கம்பியை முன்னமே அறுத்துவிட்டால் மணி என்றுமே அடிக்காது. வீட்டாரோ எல்லாம் நலம் என்று எண்ணி உறங்குவர். இதற்கு மாற்றாகக் கையாளப்பட்டதே மூடிய சுற்று. கதவு சாத்தியிருக்கும்போது கம்பியில் எப்போதும் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கதவு திறந்தாலும் ஓட்டம் நிற்கும். கம்பி அறுந்தாலும் நிற்கும். மின்கலம் தீர்ந்தாலும் நிற்கும். நின்றால் மணி அடிக்கும். மௌனத்தையே கூக்குரலாக்கிய இந்த உத்தியை நான் வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகும்.

கம்பியைக் களைந்தவுடன் அந்த வசதியையும் இழந்தோம். கம்பியில்லா உணரி உறங்குகிறதா, செத்துவிட்டதா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆதலின் நல்ல உணரிகள், கதவு அசையாவிட்டாலும், குறித்த கால இடைவெளியில் ஒருமுறை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். அக்குரல் வராவிடில் ஹப் நமக்கு அறிவிக்கும். மிக மலிவான சில வகைகளில் இஃது இல்லை. கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன், 'இது பேசாமற்போனால் எனக்கு எவ்வளவு நேரத்தில் தெரியும்?' என்று கேளுங்கள். மின்தடையின்போது ஹப்பும் வைஃபை பெட்டியும் அணைந்துவிட்டால் உணரி பேசினாலும் கேட்க ஆள் இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் விசிறிக்கு முன்னே அவ்விரண்டையும் அதனோடு இணைக்க வேண்டும்.

இவ்வளவும் அறிந்த நான், மௌனத்தின் பொருளை எவ்வாறு தவறவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தமக்கையார் எங்களோடு இருக்கிறார். வயது 78. சில ஆண்டுகளாக மறதி நோய். பகலில் அமைதியாக இருப்பார். பின்னிரவில் எழுந்து, மாட்டுக்குப் பால் கறக்க நேரமாயிற்றென்று கொல்லைக் கதவைத் திறப்பார். மாடுகளை விற்று இருபது ஆண்டுகள் ஆயின. கதவை வெளியே பூட்டிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். தீப்பற்றினால் என் செய்வது? அன்றியும், தம் வீட்டிலேயே சிறைப்பட்டோம் என்று அவர் ஒரு நொடி உணர்ந்தாலும் அது கொடுமை. ஆகவே அவருடைய மகன், என் மருமகன், கொல்லைக் கதவில் உணரி ஒன்றைப் பொருத்தித் தந்தான். கதவு திறந்தால் என் கைப்பேசி ஒலிக்கும்; நான் எழுந்து சென்று, 'இன்னும் விடியவில்லை அக்கா' என்று கூறி அழைத்து வருவேன். ஐந்து மாதம் ஒரு குறையுமில்லை.

2022-ஆம் ஆண்டு ஐப்பசியில் அடைமழை. பழைய மரக்கதவு ஈரத்தில் ஊதி, நிலையிற் படியாமல் ஒரு விரல் அளவு விலகி நின்றது. தாழ்ப்பாளும் விழவில்லை. காற்றடிக்கும்போதெல்லாம் கதவு அசையும், கைப்பேசி ஒலிக்கும். ஓர் இரவில் ஆறு முறை எழுந்தேன். உணரி கெட்டுவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அது கெடவில்லை, கதவு சாத்தியில்லை என்னும் உண்மையைத்தான் அது ஆறு முறையும் சொல்லிற்று. நான்காம் நாள் இரவு, தச்சர் வரும்வரைக்கும் என்று எண்ணி, அந்த ஒலியை அடக்கிவைத்தேன். தச்சர் மழையால் வரவில்லை. அதற்கு மறுநாள் பின்னிரவில் தமக்கையார் வெளியே போய்விட்டார். விடியற்காலை பால்காரர்தாம் அவரைக் கண்டார். இடிந்த தொழுவத்தில், மழையில், கையிற் செம்போடு உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டிருந்ததை நினைத்து நான் தெய்வத்தை வணங்கினேன். பத்து நாள் காய்ச்சல், பிழைத்துக்கொண்டார்.

அன்று காலை கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். '3 மணி 12 நிமிடம், கொல்லைக் கதவு திறந்தது' என்று ஒரு வரி. அதன்பின் சாத்தப்பட்டதாக வரி இல்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் மாணவர் தவற்றைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை.

தச்சர் வந்து கதவை இழைப்புளியால் சீவிக் கீலையும் மாற்றினார். அதன்பின் வீண் அறிவிப்பு ஒன்றும் இல்லை. உணரியின் ஒலியையும் கைப்பேசியை மட்டும் நம்பி விடவில்லை. ஹப்பிலிருந்து நேரே ஒலிக்கும் மணி ஒன்றை என் படுக்கையறையில் வைத்தோம். இணையம் இல்லாவிடினும் அது அடிக்கும். இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை மட்டுமே அடிக்குமாறு செய்தோம். பகலெல்லாம் அடிக்கும் மணியை இரவில் எவரும் மதிப்பதில்லை.

பொருத்துவதில் அறிய வேண்டியவை சிலவே. கதவு சாத்தியிருக்கும்போது காந்தத்துக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்குள் இருத்தல் நன்று. இரண்டிலும் உள்ள கோடுகள் நேருக்குநேர் நிற்க வேண்டும். இரும்புக் கதவில் காந்தத்தை நேரே ஒட்டினால் காந்தப்புலத்தின் பெரும்பகுதியை இரும்பே இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து ஒட்டுக. பழைய வீடுகளின் இரட்டைக் கதவில், நிலையில் பெட்டி வைத்தால் ஒரு கதவைத்தான் அது அறியும்; ஒன்றில் பெட்டியும் மற்றதில் காந்தமும் வைத்தால் எது திறந்தாலும் தெரிந்துவிடும். உணரி அறிவது காந்தத்தின் தொலைவை மட்டுமே. தாழ் விழுந்ததா, திறந்தவர் யார் என்பன அதற்குத் தெரியா.

இன்னொன்று. எந்நேரம் கதவு திறந்தது, எந்நேரம் சாத்தியது என்னும் பட்டியல் அந்த வீட்டாரின் நாட்குறிப்பு. வீடு எப்போது ஆளின்றிக் கிடக்கும் என்பது அதிலிருந்தே தெரியும். அதைக் காக்கும் கடவுச்சொல், பெட்டியோடு வந்ததாகவே இருத்தல் கூடாது. ஒருவர் அறைக்கதவில் அவர் அறியாமல் உணரி வைப்பதும் முறையன்று. என் தமக்கையாரிடமும் முதல்நாளே காட்டிச் சொன்னோம். மறுநாள் மறந்துவிட்டார் என்பது வேறு, சொன்னோம்.

திங்கள்தோறும் முதல் நாள் இரவு, எல்லாரும் படுத்தபின், நானே கொல்லைக் கதவைத் திறந்து, மணி அடிக்கிறதா என்று பார்க்கிறேன். அடித்தவுடன் உள்ளறையிலிருந்து தமக்கையாரின் குரல் வரும்.

"யாரடா வந்திருக்கிறது?"

"ஒருவருமில்லை அக்கா. நான்தான்."

"சரி, சரி. கதவைச் சாத்திவிட்டு வா. கன்றுக்குட்டி வெளியே ஓடிவிடப் போகிறது."

சாத்திவிட்டுத் தாழ் விழுந்ததா என்று கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தபின் உள்ளே வருகிறேன்.