பிஞ்சு விரல்களும் ஏ, பி, சி, டியும்

(மல்லேஸ்வரத்தில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர், "ஸார், பென்ஷன் விஷயம் மட்டும் வேண்டாம், போன கூட்டத்திலேயே ஆகிவிட்டது" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே என் பேரனைப் பற்றிப் பேசுகிறேன். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன் நான். மூன்றரை வயதுக் குழந்தையின் கையெழுத்து விஷயத்தில் தோற்றுப் போனேன்.

ஒரு நாள் மாட்டுப்பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வாடிய முகத்தோடு வந்தாள். "அப்பா, இன்னிக்கும் மிஸ் கூப்பிட்டுச் சொன்னா. மத்த குழந்தைகள்லாம் இஸட் வரைக்கும் எழுதறதாம். இவன் பென்சிலையே பிடிக்க மாட்டேங்கறானாம்" என்றாள். "இவ்வளவுதானே, என்னிடம் விடு" என்றேன். எட்டாவது கிராஸில் நாலு கோடு நோட்டு ஒன்று வாங்கி, தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனை மேஜை முன்னால் உட்காரவைத்து, கையைப் பிடித்து எழுதவைத்தேன். பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் நோட்டைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "தாத்தா, எனக்குக் கை இல்லை" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் அந்தக் காலத்து பி.எஸ்ஸி., விலங்கியல். மறுநாள் பழைய பாடங்களைப் புரட்டினேன். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பே அல்ல, குருத்தெலும்பு. முதல் வருஷத்தில் இரண்டு கெட்டிப்படத் தொடங்கும். ஆறேழு வயதில்தான் ஏழு தேறும். எட்டாவதற்கு இன்னும் சில வருஷம் ஆகும். உடம்பை ஆளும் திறனும் நடுவிலிருந்து நுனிக்குத்தான் போகிறது. முதலில் கழுத்தும் முதுகும், பிறகு தோள், முழங்கை, கடைசியில் விரல் நுனி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பென்சிலை லாகவமாகப் பிடிப்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலிலிருந்து ஆறு வயதுக்குள் வருகிற காரியம். நான் செய்தது, அடித்தளம் காயுமுன் மாடி கட்டியதைப் போன்றது.

நம் முன்னோர்கள் விஜயதசமி அன்று குழந்தையின் கையில் பேனாவையா கொடுத்தார்கள்? தாம்பாளத்து அரிசியில் விரலால்தானே எழுதவைத்தார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் முதலில் மணல், பிறகுதான் ஓலை. இதில் வேடிக்கையான சரித்திரம் ஒன்று உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்கு மேற்பார்வையாளரானார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம்மூர்ப் பள்ளிக் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, தன் விடுதியிலும் அப்படியே இங்கிலீஷ் அரிச்சுவடியைக் கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர் மறுத்துவிட்டார். பெல் விடவில்லை. எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கென் என்ற மாணவனையே வாத்தியாராக்கி நடத்திக் காட்டினார். அதைப் பற்றி 1797-ல் லண்டனில் புத்தகமும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு மணல் தட்டு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போயிற்று. இங்கிலீஷ்காரக் குழந்தைகள் நம் மணலில் ஏ, பி, சி கற்றார்கள். நாம் நம் குழந்தைகளுக்கு நாலு கோடு நோட்டு வாங்குகிறோம்!

1939-ல் அடையாறுக்கு வந்து, யுத்தம் காரணமாகப் பல வருஷம் நம் நாட்டிலேயே தங்கிவிட்ட மரியா மாண்டிசோரி அம்மையாரும் இதையே வேறு விதமாகச் செய்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். பென்சிலுக்கு முன்பே எழுத்தின் வடிவம் கைக்குப் பழகிவிடும்.

அப்படியானால் இங்கிலீஷைத் தள்ளிப்போட வேண்டுமா என்று இளம் தாய்மார்கள் கேட்கிறீர்கள். வேண்டாம். பென்சிலைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன். இங்கிலீஷ் காது வழியாகவும் கை கால் வழியாகவும் தாராளமாக வரட்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1960-களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். ஆசிரியர் கட்டளை சொல்வார், மாணவன் உடனே உடம்பால் செய்து காட்டுவான். பேசு என்று அவசரப்படுத்துவதில்லை.

எங்கள் அகத்தில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். காலையில் நந்தி தீர்த்தத்தின் படிகளில் 'டௌன்', 'அப்' என்று சொல்லிக்கொண்டே இறங்கி ஏறுகிறோம். சாங்கி ஏரிக்கரையில் 'ஃபாஸ்ட்', 'ஸ்லோ', 'ஸ்டாப்'. முட்டிவலிக்காரனான எனக்கு 'ஸ்லோ'தான் பிடிக்கும். அவன் அதைச் சொல்லவே விடுவதில்லை. சப்பாத்தி மாவை அவன் பாட்டி உருட்டச் சொல்லும்போது 'ரோல்', அமுக்கும்போது 'பிரஸ்', கிள்ளும்போது 'பின்ச்'. இத்தனைக்கும் என் மனைவி எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். அவளிடம்தான் அவன் அதிக இங்கிலீஷ் வார்த்தை கற்றிருக்கிறான். கார்த்திகையில் காடு மல்லேஸ்வரர் கோவில் பக்கம் கடலைக்காய் பரிஷை வந்தபோது இரண்டு படி வாங்கி வந்தோம். உரிப்பது அவன், தின்பது நான். சின்னக் குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும், ஜாக்கிரதை. பல்லாங்குழிக்கும் குன்றிமணியைக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம். புளியங்கொட்டை போதும், அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான்.

பாட்டிமார்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். குழந்தை இடது கையால் கோடு இழுத்தால் பேசாமல் விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்குச் சொல்வதைப் பென்சிலுக்கும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு பயம், தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்தால் குழந்தை குழம்பும் என்பது. மல்லேஸ்வரத்தில் குழந்தை அகத்தில் தமிழ், வாசலில் கன்னடம், டி.வி.யில் ஹிந்தி கேட்கிறது. வார்த்தைகளைக் கலந்து பேசும், பிறகு தானே பிரித்துக்கொள்ளும். ஆனால் டி.வி.யையும் செல்போனையும் இங்கிலீஷ் வாத்தியாராக வைத்துவிடாதீர்கள். மூன்று, நாலு வயதுக் குழந்தைக்குத் தினம் மூன்று மணி நேரமாவது ஓடியாடும் அசைவு வேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணிக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே, சமர்த்து என்று மகிழ்ந்துபோகும் தாத்தாக்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு மாட்டுப்பெண் மறுபடி போனாள். சண்டைக்கு அல்ல. எழுத்து வேலையை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டாள். ஆசிரியை சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை, "மத்த பேரன்ட்ஸ் கேட்பார்கள்" என்றார். அவர் கஷ்டமும் புரிகிறது. நோட்டில் பக்கம் நிரம்பாவிட்டால் கட்டிய பணத்துக்கு என்ன சொல்லித்தந்தீர்கள் என்று கேட்பவர்கள் நாம்தானே! கடைசியில் களிமண்ணும் மணல் தட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்றாராம்.

பேரனுக்கு இப்போது நாலரை வயது. பென்சில் பிடிக்கிறான், தன் பெயரை எழுதுகிறான். சின்ன 'பி'யும் சின்ன 'டி'யும் இன்னும் திசை மாறுகின்றன. டம்ளரை எந்தப் பக்கம் திருப்பினாலும் டம்ளர்தான். இந்த எழுத்து மட்டும் திருப்பினால் ஏன் வேறாகிறது என்பது அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. நியாயமான சந்தேகம்.

அந்த நாலு கோடு நோட்டு பத்துப் பக்கத்தோடு நின்றுபோயிற்று. மீதிப் பக்கங்களில் நான் பால் கணக்கு எழுதி வருகிறேன்.