சிரிக்க வைத்தவருக்கு ஏன் கடைசி வரிசை?

(திரைப்பட வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூத்த நகைச்சுவை நடிகர்களுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுக்கலாமா என்பதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதே ஊரில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கதாநாயகனாக நடித்த ஒருவரைப் பற்றி இப்படியொரு கூட்டம் போட்டிருப்போமா? அவருக்கு எந்த விருது, எப்போது என்று மட்டும்தான் பேசியிருப்போம். சிரிக்க வைத்தவர் என்றதும் 'தகுதி' பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. தகுதி என்ற சொல் நம் மக்களுக்குப் புதிதல்ல. பள்ளியிலும் வேலையிலும் நம்மை வாசலில் நிறுத்திவைக்கப் பயன்பட்ட சொல் அது.

நாகேஷை எடுத்துக்கொள்வோம். 1964இல் 'காதலிக்க நேரமில்லை' செல்லப்பா, அதே ஆண்டில் 'சர்வர் சுந்தரம்', 1965இல் 'திருவிளையாடல்' தருமி. இன்றைக்கும் இந்தக் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தால் வீட்டில் யாரும் சேனலை மாற்றுவதில்லை. அவருக்குத் தேசிய விருது எப்போது கிடைத்தது? 1994இல் வந்த 'நம்மவர்' படத்துக்கு, சிறந்த துணை நடிகர் என்று. அதில் அவர் மகளைப் பறிகொடுத்த தகப்பன். முப்பது ஆண்டுகள் சிரிக்க வைத்தவர், அழுதுகாட்டிய பிறகுதான் நடிகரானார். 2009 ஜனவரியில் மறையும்வரை பத்ம விருது ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. இந்தியத் திரையின் வாழ்நாள் விருதான தாதாசாகேப் பால்கே விருதைத் தமிழ்த் திரையின் நடிகர்களில் சிவாஜி கணேசனும் ரஜினிகாந்தும் பெற்றிருக்கிறார்கள். நகைச்சுவையையே வாழ்நாள் வேலையாகச் செய்த ஒருவரும் அந்த வரிசையில் இல்லை. மனோரமாவுக்கு 2002லும் விவேக்குக்கு 2009லும் பத்மஸ்ரீ கிடைத்தது உண்மை. அதைத் தாண்டி மேலே போக வழியில்லை.

அழுகை உயர்ந்தது, சிரிப்பு தாழ்ந்தது என்ற இந்தப் படிநிலை எங்கிருந்து வந்தது? நாட்டிய சாஸ்திரத்தைப் புரட்டினால் தெரியும். அது சிரிப்பை ஆறாகப் பிரிக்கிறது. பல் தெரியாத புன்னகையும் பல் லேசாகத் தெரியும் சிரிப்பும் உத்தமருக்கு. நடுவில் உள்ள இரண்டும் மத்திமருக்கு. கண்ணில் நீர் வர, தோள் குலுங்க, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது அதமருக்கு. நகைச்சுவையே பெரும்பாலும் பெண்களிடமும் தாழ்ந்தோரிடமும் காணப்படுவது என்றும் அந்த நூல் சொல்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரிக்கும் நம் ஆட்களுக்கு ஈராயிரம் ஆண்டுகளாகக் கொடுத்து வைத்திருக்கும் இடம் அதுதான்.

அதே நூலின் முடிவில் ஒரு கதை உண்டு. பரதரின் பிள்ளைகள் முனிவர்களைக் கேலி செய்து நடிக்கிறார்கள். கோபம் கொண்ட முனிவர்கள், நீங்கள் சூத்திரர்களாகப் போங்கள் என்று சபிக்கிறார்கள். நடிகன் ஏன் கீழே வைக்கப்பட்டான் என்பதற்கு அவர்களே எழுதிவைத்த விளக்கம் இது. மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரித்தான், அதனால் கீழே தள்ளினோம் என்கிறார்கள்.

தொல்காப்பியர் சொல்லும் மெய்ப்பாடுகள் எட்டில் முதலாவது நகை. கேலி, இளமை, அறியாமை, மடமை ஆகிய நான்கிலிருந்து சிரிப்பு பிறக்கிறது என்கிறார். எதனால் சிரிக்கிறோம் என்றுதான் பிரிக்கிறாரே தவிர, சிரிக்கிறவர் யார் என்று பிரிக்கவில்லை. தொல்காப்பியத்திலும் மேலோர், கீழோர் உண்டு. அதைப் புனித நூலாக்க நான் வரவில்லை. சிரிப்பை வேறு மாதிரியும் பார்க்க முடிந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

முனிவர் சாபம் புராணத்தோடு முடிந்துவிடவில்லை. எம்.ஆர். ராதா மேடையில் ராமாயணத்தைக் கேலி செய்தார். 1954இல் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அவர் நாடகங்களைக் குறிவைத்தே அது வந்தது என்பது இயக்கத்தார் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆனது. ராதாவுக்கு 'நடிகவேள்' பட்டம் பெரியார் இயக்கத்தின் மேடையில்தான் கிடைத்தது.

இப்போது வடிவேலுவுக்கு வருகிறேன். 1992இல் 'தேவர் மகன்'. அதில் அவர் இசக்கி, பெரிய வீட்டுப் பிள்ளைக்காகக் கோயில் பூட்டைத் திறந்துவிட்டு, அதற்காகக் கை வெட்டப்படும் வேலைக்காரர். கையை இழந்த பிறகும் எஜமானுக்கு விசுவாசமாகவே இருப்பார். 31 ஆண்டுகள் கழித்து, 2023இல், மாரி செல்வராஜின் 'மாமன்னன்'. அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று இயக்குநரே சொன்னார். தனித்தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தும் கட்சிக்காரர் வீட்டில் நின்றுகொண்டே பேசுகிறவர், கடைசியில் சட்டமன்றத்தின் சபாநாயகர் நாற்காலியில் உட்காருவார். கொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு நியாயம் கேட்க முடியாமல் குன்றின் மேல் நின்று அவர் அழும் காட்சியில் நானும் அழுதேன்.

படம் வந்ததும் எல்லோரும் எழுதினார்கள், 'இப்போதுதான் வடிவேலு தன்னை நடிகர் என்று நிரூபித்திருக்கிறார்' என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது நாகேஷுக்கு நடந்த அதே கதை. 2003இல் 'வின்னர்' கைப்புள்ளையை நினைத்துப் பாருங்கள். கதாநாயகர்கள் மீசையை முறுக்கி, அரிவாளைத் தூக்கி, பரம்பரைப் பெருமை பேசிய காலம் அது. ஊரெல்லாம் அடி வாங்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்த கைப்புள்ள அந்த வீராப்பு மொத்தத்தையும் சிரிப்புக்கிடமாக்கினார். ஆண்ட பெருமைக்கு எதிராக நாம் எழுதிய கட்டுரைகள் போய்ச் சேராத இடத்துக்கெல்லாம் அந்தச் சிரிப்பு போயிருக்கிறது. அது நடிப்பில்லாமல் வேறென்ன?

இங்கே ஒரு தோழர் கேட்பார், கேட்கவும் வேண்டும்: நம்மைக் கேலி செய்ததும் இதே நகைச்சுவைதானே? உண்மை. கறுப்பு நிறத்தையும், பறை அடிப்பவரையும், முடி திருத்துபவரையும், துணி வெளுப்பவரையும், திருநங்கைகளையும், மாற்றுத்திறனாளிகளையும் வைத்து எத்தனை காட்சிகள்! அதைப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் அந்தப் பட்டப்பெயரைச் சுமந்த பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அந்தக் காயத்தை மறக்கச் சொல்லி எந்த விருதும் கேட்கக் கூடாது.

ஆனால் இந்தக் கேள்வியை நகைச்சுவை நடிகரிடம் மட்டும் கேட்பது நியாயமா? சாதிப் பெருமைப் படங்களில் நடித்த கதாநாயகனுக்கு விருது கொடுக்கும்போது இதைக் கேட்டோமா? அந்தப் படங்களை எடுத்த இயக்குநரிடம் கேட்டோமா? கேட்பதானால் எல்லோரிடமும் கேட்போம். வாழ்நாள் விருது என்றால் முழு வாழ்நாளையும் பேச வேண்டும். பாராட்டுரையில் கைப்புள்ளையும் இருக்கட்டும், இசக்கியும் இருக்கட்டும், நம்மைப் புண்படுத்திய காட்சிகளும் இருக்கட்டும். மேடையில் நிற்பவர் அதைக் கேட்டு ஒரு வார்த்தை பதில் சொன்னால், அந்த விருதுக்கு இன்னும் மதிப்பு கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகைச்சுவைக் காட்சி ஒருவரால் ஆவதில்லை. 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியில் கவுண்டமணியையும் செந்திலையும் எல்லோருக்கும் தெரியும். அதை எழுதிய ஏ. வீரப்பனை எத்தனை பேருக்குத் தெரியும்? கூடவே அடி வாங்கியவர், சேற்றில் விழுந்தவர், ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போனவர் என்று எத்தனையோ பேர். அன்றன்றைய கூலிக்கு நடித்து, முதுமையில் மருத்துவச் செலவுக்கு அடுத்தவரை எதிர்பார்க்கிற நிலையில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சால்வையைவிட மாதாமாதம் வரும் ஓய்வூதியம் முக்கியம். வாழ்நாள் சாதனை என்று சொல்லிவிட்டு அந்த வாழ்நாளின் கடைசிப் பத்து ஆண்டுகளைக் கைவிட்டால் அது வெறும் விழா.

ஆகவே என் பதில்: கொடுக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே கொடுக்க வேண்டும். அழுதுகாட்டும் வரை காத்திருக்காமல், சிரிக்க வைத்ததற்காகவே கொடுக்க வேண்டும்.

'மாமன்னன்' படத்தில் மகன் தகப்பனைப் பார்த்து, உட்காருங்கள் என்று சொல்லும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாற்காலியை இந்தக் கலைஞர்களுக்கும் போடச் சொல்லிக் கேட்கிறேன்.