பெரிய எழுத்தானால் உடைகிற சொல்



தமிழைப் பற்றிப் பேச இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தை மேற்கு ஆப்பிரிக்க மொழி ஒன்றுக்குத் தருகிறேன். அதன் பெயர் டகாரே. கானாவின் வடமேற்கு மூலையில் வா, ஜிராபா, லாரா, நந்தோம் ஆகிய ஊர்களில் பேசப்படுகிறது. எல்லையைத் தாண்டி புர்க்கினா ஃபாசோவுக்குள் போனாலும் அதே மக்கள்தான். அங்கே மொழியை டகரா என்பார்கள். பேசுகிறவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 1898-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூடி எல்லை வகுத்தார்கள். பிறகு ஒரு பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்தார்கள், மறுபக்கத்துப் பிள்ளைகள் பிரெஞ்சு படித்தார்கள். எழுத்தும் இரண்டு வழியாகப் போயிற்று.

1929-இல் கத்தோலிக்கப் பாதிரிமார் ஜிராபாவில் வந்து தங்கினார்கள். வழிபாட்டுக்கும் பாடத்துக்கும் மொழியை லத்தீன் எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். லத்தீனில் உயிரெழுத்து ஐந்துதான், டகாரேயில் உயிரொலிகள் ஒன்பது. எப்படிப் போதும்? ஆப்பிரிக்க மொழிகளுக்கென்று அந்தக் காலத்தில் வகுக்கப்பட்ட எழுத்து வரிசையிலிருந்து புதிய வடிவங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, 3 என்ற எண்ணைத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கும் திறந்த ‘எ’. இன்னொன்று, லத்தீன் ‘சி’யைத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கும் திறந்த ‘ஒ’. கானாவில் ஏழு உயிரெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். புர்க்கினாவிலோ ஒன்பது ஒலிக்கும் ஒன்பது எழுத்து வைத்து எழுதுகிறார்கள். அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் அச்சான புத்தகத்தை அந்தப் பக்கத்துப் பிள்ளை தடுமாறித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

டகாரே, குரலின் ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறும் மொழி. அந்த ஏற்ற இறக்கத்தை அவர்களுடைய இசைக்கருவியே பேசும். ஜில் என்று ஒரு கருவி. மரச்சட்டங்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுரைக்குடுக்கையைத் தொங்கவிடுவார்கள். குடுக்கையில் துளையிட்டு, சிலந்தி முட்டையிட்டுப் பொதிந்துவைக்கும் மெல்லிய சவ்வை எடுத்து அதன்மேல் ஒட்டுவார்கள். அடித்தால் ஓசையோடு ஒரு ரீங்காரமும் எழும். சாவு வீட்டில் ஜில் வாசிப்பவர் கோலால் தட்டும்போது, கேட்கிறவர்கள் அதில் சொற்களையே கேட்கிறார்கள். அவ்வளவு நுட்பமான சுரத்தைக் கானாவின் வழக்கமான எழுத்து குறிப்பதில்லை; அகராதியும் ஆய்வு நூலும்தான் மேலே கோடு போட்டுக் காட்டுகின்றன. அப்படி உழைத்தவர்களில் ஒருவர் ஆடம்ஸ் போடோமோ. டகாரேயின் அமைப்பைப் பற்றி 1997-இல் நூல் எழுதினார். ஹாங்காங்கில் பேராசிரியராக இருந்த நாளில் டகாரே, கான்டனீஸ், ஆங்கிலம் மூன்றுக்கும் சேர்த்து ஓர் அகராதியே செய்தார்.

இனி கணினிக்கு வருகிறேன். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை வேறு கணினியில் திறந்து திகைத்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆப்பிரிக்க மொழிகளுக்கும் அதே கதைதான். வேறு குறிகளின் இடத்தில் தங்கள் எழுத்தை ஒளித்துவைத்த எழுத்துருக்களால் வேலையை ஓட்டினார்கள். 1990களின் தொடக்கத்திலேயே யூனிகோடில் இந்த எழுத்துகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. இடம் கிடைத்தது, விசைப்பலகை கிடைக்கவில்லை. கடையில் வாங்கும் பலகையில் ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. கைபேசியில் திறந்த ‘எ’வுக்கு 3 என்றும், திறந்த ‘ஒ’வுக்கு மூடும் அடைப்புக்குறி என்றும் கானாவில் பலர் தட்டுகிறார்கள். மனிதர் படித்துக்கொள்வார். இயந்திரத்துக்கு அது எண்ணும் அடைப்புக்குறியும்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்கே தெரியாது. ஓர் ஆசிரியர் பாடம் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த ‘எ’ பலகையில் இல்லை. குறியீட்டுப் பட்டியலில் தேடுகிறார். கிரேக்க எப்சிலான் கண்ணில் படுகிறது. உருவம் ஏறக்குறைய அதேதான், போட்டுவிடுகிறார். அச்சிலும் குறை தெரியாது. தலைப்பைப் பெரிய எழுத்தாக மாற்றும்போது சொல் உடைகிறது. டகாரே எழுத்தாக இருந்தால் அதன் பெரிய வடிவமே வந்திருக்கும். எப்சிலானின் பெரிய வடிவமோ சாதாரண ஆங்கில ‘இ’ போலவே இருக்கும். சொல் வேறு சொல்லாகிவிடுகிறது. சரியாகத் தட்டியவர் அந்தச் சொல்லைத் தேடினாலும் ஆசிரியரின் பாடம் அகப்படாது. அது எழுதப்பட்டும் எழுதப்படாததுபோல் கிடக்கும்.

சுரக்குறி போட்டால் இன்னொரு சிக்கல். பிரெஞ்சு ‘இ’க்கு மேலே கோடு போட்ட எழுத்து ஒரே குறியீடாக ஆயத்தமாக இருக்கிறது. டகாரேயின் திறந்த ‘எ’வுக்கு அப்படி இல்லை, எழுத்து தனி, கோடு தனி. இரண்டையும் சேர்த்து உட்காரவைப்பது எழுத்துருவின் பொறுப்பு. எழுத்துரு கைவிட்டால் கோடு பக்கத்து எழுத்தின்மேல் போய் நிற்கிறது, இல்லையென்றால் வெறும் கட்டம் தெரிகிறது.

இத்தனைக்கும் நடுவில் கானாவில் அந்த மொழியைப் பள்ளியில் கற்பிக்கிறார்கள், தன்னார்வலர்கள் டகாரே விக்கிப்பீடியாவை எழுதிவருகிறார்கள். அவர்களை நான் மனதாரக் கைகூப்பி வணங்குகிறேன்.

இந்த அவையில் இருக்கும் எழுத்துருக் கலைஞர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தமிழ் எழுத்துரு செய்யும்போது கூடவே லத்தீனும் வரைகிறீர்கள். அதில் டகாரேயின் இந்த எழுத்துகளையும் வரையுங்கள். சிறியதோடு பெரியதையும் வரையுங்கள். சுரக்கோடு எங்கே உட்கார வேண்டும் என்ற புள்ளியையும் குறித்துவையுங்கள். இங்கே ஒருவர் உட்கார்ந்து சில மணி நேரம் செய்கிற அந்த வேலை, ஜிராபாவில் ஒரு வாத்தியார் தயாரிக்கும் பாடத்தாளில் கட்டம் விழாமல் காப்பாற்றும்.