வாடகை உதவியும் காத்திருப்போர் ஜாபிதாவும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் செய்த பிரசங்கம்)



நமது மாணவர் விடுதியில் இடம் கேட்டுக் காத்திருப்போருடைய ஜாபிதாவைக் குறித்துச் சென்ற கூட்டத்தில் சற்றுக் காரசாரமாகவே வாதம் நடந்தது. முந்தி மனுக் கொடுத்தவனுக்கு முந்தி இடமா, அன்றி வறுமை மிக்கவனுக்கு முந்தி இடமா என்பதே அவ்வாதம். அதைக் கேட்டிருக்கையில், ஐக்கிய அமெரிக்க நாட்டு நகரங்களில் வீட்டு வாடகை உதவிக்காக ஏழைகள் காத்திருக்கும் ஜாபிதா என் நினைவுக்கு வந்தது. பெருஞ்செல்வம் படைத்த அந்நாட்டாரும் இச்சிக்கலை விடுவித்தாரில்லையாதலால், அதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசிக்கிறேன்.

சர்க்கார் உதவியால் வீடுகள் கட்டி ஏழைகளைக் குடியமர்த்தும் முறைக்கு அங்கே 1937ஆம் வருஷத்தில் சட்டம் உண்டாயிற்று. 1974ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜனாதிபதி ஜெரால்டு போர்டு கையொப்பமிட்ட வேறொரு சட்டம், முந்திய சட்டத்தின் 8ஆம் பிரிவைப் புதிதாக வகுத்தது. அதன்படி ஏழைக் குடும்பத்தார் தனியாருடைய வீட்டில் குடியிருக்கலாம். தம் வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கைத் தாம் செலுத்தினால், எஞ்சிய வாடகையை ஒரு வரம்புக்குட்பட்டுச் சர்க்கார் பணத்திலிருந்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பார்கள். இக்காலத்தில் சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இவ்வகைச் சீட்டினால் பயனடைகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், வாடகை உதவி பெறத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கே ஏதேனும் உதவி கிட்டுகிறது.

இதற்குக் காரணம் யாதெனில், உணவு உதவி கேட்பவன் சட்டப்படி தகுதியுடையவனானால் அவனுக்கு அதைக் கொடுத்தே தீரவேண்டும். வீட்டுதவியோ அத்தகைய உரிமையன்று. காங்கிரஸ் மகாசபையார் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணம் எம்மட்டோ, உதவியும் அம்மட்டே. மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

நியூயார்க்கு நகரத்தார் 2009ஆம் வருஷம் டிசம்பரில் மூடிய ஜாபிதாவை 2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில்தான் மறுபடி திறந்தார்கள். அதுவும் ஒரே வாரம். அவ்வொரு வாரத்தில் ஆறு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. குலுக்கல் போட்டு 2 லட்சம் பேரை ஜாபிதாவில் சேர்த்தார்கள். கவனியுங்கள், அவர்களுக்குக் கிடைத்தது வீடன்று. காத்திருக்கும் இடம் மட்டுமே! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலும் 2022ஆம் வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் மனுச்செய்ய, 30,000 பேரே குலுக்கலில் தேறினர்.

குலுக்கல் நியாயமோ என்று கேட்பீர்கள். முந்தி வந்தவனுக்கு முந்தி என்றால் நடப்பதையும் பாருங்கள். ஜார்ஜியா மாகாணத்து ஈஸ்ட் பாயிண்டு என்னும் ஊரில் 2010ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்து வெயிலில் மனுப் பாரத்துக்காகச் சுமார் 30,000 ஜனங்கள் கூடி நெருக்குண்டனர். பலர் காயமுற்றும் வெயிலால் சோர்ந்தும் விழுந்தனர். அத்தகைய கூட்டத்தில் முன்னே போய் நிற்கக்கூடியவன் திடகாத்திரன். கைக்குழந்தைக்காரியும் கிழவனும் பின்னேதான். குலுக்கலோ அவர்களைத் தள்ளுவதில்லை. ஆனால் அவர்கள் கஷ்டத்தையும் பார்ப்பதில்லை.

என் மனத்தை மிக வருத்துவது வேறொன்று. ஜாபிதாவில் உள்ளவருக்கு அவ்வப்போது விசாரணைக் கடிதம் வரும். குறித்த நாளுக்குள் விடை போகாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். நிலையான வீடில்லாதவன் அடிக்கடி விலாசம் மாறுபவனன்றோ? எந்தக் குறையினால் மனுச்செய்தானோ, அந்தக் குறையே அவனை ஜாபிதாவிலிருந்து தள்ளிவிடுகிறது. வருஷக்கணக்காய்க் காத்துச் சீட்டுப் பெற்றவனும் பிழைத்தானென்று சொல்வதற்கில்லை. வீடு தேடச் சட்டம் கட்டாயமாக அளிக்கும் தவணை 60 நாள். அதற்குமேல் தவணை தருவது அதிகாரிகளின் சித்தம். சீட்டுடையவரை மறுக்கலாகாதென்று நியூயார்க்கு நகரத்தார் 2008ஆம் வருஷத்திலேயே விதி செய்திருந்தும், ஏதேனும் சாக்குச் சொல்லித் திருப்பியனுப்பும் வீட்டுக்காரர் அங்கேயும் உண்டு.

நமது ஜாபிதாவைச் சில காலம் மூடிவைக்கலாமென்று சென்ற கூட்டத்தில் அன்பர் ஒருவர் சொன்னார். வாஷிங்டன் நகரத்தார் 2013ஆம் வருஷம் ஏப்ரலில் ஏறக்குறைய 70,000 பெயர்களோடு தங்கள் ஜாபிதாவை மூடினார்கள். அதன் பிறகு வறுமையுற்றவர் எத்தனை பேரென்பதை அந்த ஜாபிதாவைப் பார்த்து யாரும் அறிய முடியாது. ஆகையால் நமது ஜாபிதா திறந்தே இருக்கவேண்டுமென்றும், கடிதத்துக்கு விடை எழுதாத மாணவன் வீட்டுக்கு அவ்வூர் அங்கத்தினர் ஒருவர் நேரில் சென்று விசாரித்த பின்னரே அவன் பெயரை நீக்கவேண்டுமென்றும் பிரேரேபிக்கிறேன்.